எண்பத்தெட்டும் நூற்றெட்டும்

பேசாலை
19.07.2025

தங்கச்சி நிறஞ்சலாவுக்கு,

சுகமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்குவார்கள். உன் சுகத்தைக் கேட்கப் போய்த்தான் எனக்கு இந்தக் கதி வந்தது, ஆகவே கேட்கவில்லை. ரெலிபோன் எடுத்தால் மணி அடிக்க முன்னமே வெட்டுப்படுகிறது. கடைசியில் உன் மகன் மில்ரனுக்கு எடுத்துக் கேட்டேன். "மாமா, அம்மா உங்கட நம்பரை புளொக் பண்ணிப் போட்டா. உங்கட குரலே கேக்கக் கூடாதாம்" என்றான். ஐம்பத்திரண்டு வயதில் உனக்கு இந்த வித்தையைப் பழக்கியவனும் அவனாகத்தான் இருப்பான். இருக்கட்டும். கடிதத்தை புளொக் பண்ண இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. கொண்டச்சி ஊர் முனவ்வர் இங்கே மீன் எடுக்க வந்து போகிறவர், உன் அரிப்பு ஊரைத் தாண்டித்தானே தன் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் கையில் இதைக் கொடுத்திருக்கிறேன், கூடவே ஒரு பொட்டலம் கட்டாக் கருவாடும்.

நீ எங்கள் கோயில் திருநாளுக்கு வந்திருந்தபோது மண்டபத்தில் வைத்திய முகாம் நடந்ததே, அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அந்த நேர்ஸ் பிள்ளை உன் கையில் பட்டியைச் சுற்றிப் பிறசர் பார்த்தது. நம்பாமல் இரண்டாம் தரமும் பார்த்தது. "அன்ரி, எண்பத்தெட்டுக்கு ஐம்பத்தாறுதான் காட்டுது. ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்றது. பக்கத்துக் கதிரையில் எனக்கு நூற்றறுபத்திரண்டு. "அண்ணனுக்குக் கூட, தங்கச்சிக்குக் குறைய. ரெண்டையும் ஒரு சட்டியில ஊத்திப் பகிர்ந்தா அளவாயிருக்கும்" என்று நானே பகிடி விட்டேன். வீடு வந்த பிறகு அந்தப் பகிடி எனக்கே கசந்து போனது.

பிலோமினா அக்காவுக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றவன் நான். நீ அப்போது மில்ரனை வயிற்றில் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தாய். உள்ளே இருந்து வந்தவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு வசனம்தான். "பிறசர் இறங்கிப் போச்சு." அடுத்த நாள் அக்காவைப் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தோம். அந்த வசனத்தை உனக்காகவும் கேட்க எனக்குத் தைரியம் இல்லையடி.

அதனால்தான் உங்கள் நடைப்பயணத் தலைவர் டொமினிக்குக்கு எடுத்துச் சொன்னேன், உன்னை மடு மாதா கோயிலுக்கு நடத்திக் கூட்டிப் போக வேண்டாம் என்று. ஆவணித் திருவிழா வெயில் உனக்குத் தெரியாததா? நீ கோபிப்பாய் என்று தெரிந்துதான் செய்தேன். கோபம் ஆறும், உயிர் திரும்பி வராது.

கருவாட்டை ஒவ்வொரு நேரமும் சாப்பிடு. உப்புப் பட்டால் பிறசர் ஏறும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குக் குளிசையைக் கூட்டித் தந்திருக்கிறார்கள், தவறாமல் போடுகிறேன். உன் மச்சாள் அன்ரோனெற் எங்கள் மகள் மதுஷிகாவின் பிள்ளைப்பேற்றுக்குக் கொழும்பு போனவள் இன்னும் வரவில்லை. தனியே இருந்தால் மனம் சும்மா இருக்கிறதா?

கிடைத்தது என்று முனவ்வரிடம் ஒரு சொல் சொல்லி அனுப்பு. ஏச்சு என்றாலும் பரவாயில்லை.

அம்புறோஸ் அண்ணன்


அரிப்பு
23.07.2025

அண்ணனுக்கு,

"அன்புள்ள" என்று எழுதப் பேனையை வைத்தேன். கை ஓடவில்லை. அதனால் வெறும் அண்ணன்.

நீங்கள் ஏச்சு அனுப்பினாலும் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முழுவதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

டொமினிக் அண்ணர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லவில்லை. பூசை முடிந்து எல்லாரும் வாசலில் நிற்கும்போதுதான் சொன்னார். "நிறஞ்சலா, உமக்குப் பிறசர் இல்லையாம். அண்ணர் எடுத்துச் சொன்னவர். இந்த முறை நீர் பஸ்சில வாரும்." பிறசர் இல்லையாம்! அன்று தொடக்கம் நான் இந்த ஊரில் உயிரோடிருக்கும் பிரேதம். நண்டு வாடியில் வேலைக்கு நின்றால், "அக்கா இருங்கோ, விழுந்திடப் போறியள்" என்று முக்காலியை இழுத்துப் போடுகிறார்கள். கிணற்றில் வாளியைத் தொட விடுகிறார்களில்லை. நான் என்றைக்கு விழுந்தேன்? ஒரு தரமாவது விழுந்ததாக யாராவது சொல்லட்டும்.

போன ஐப்பசியில் மில்ரனின் படகு எஞ்சின் நின்று, காற்று அவனை இந்தியப் பக்கம் இழுத்துக் கொண்டு போனபோது நீங்களும்தான் கரையில் நின்றீர்கள். நான் என்ன கும்பிட்டேன் என்று உங்கள் காதாலேயே கேட்டீர்கள். "மாதாவே, என்ர பிள்ளையைக் கரை சேர்த்து விடு. என்ர காலால நடந்து உன்ர வாசலுக்கு வாறன்." பிள்ளை வந்தான். தன் கடனை மாதா முடித்துவிட்டா. என் பங்குதான் பாக்கி நிற்கிறது. பஸ்ஸில் போய் இறங்கி அவவின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? நாளைக்கு அவன் மறுபடி கடலுக்குப் போகும்போது எந்த வாயால் கேட்பேன்?

நீங்கள் பயந்தது அக்காவை நினைத்து என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அவ அக்காதான். ஆனால் பயம் உங்களுக்கு, சிறை எனக்கு. இது என்ன நியாயம்?

உங்கள் கருவாட்டை மூன்று நேரமும் சாப்பிட்டுத் தண்ணீர் விடாய் அடங்கவில்லை, கால் வீங்கிக் கிடக்கிறது. மிச்சத்தைப் பூனைக்குப் போட்டேன். அதற்கும் விடாய்.

மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெரிய டொக்டரிடமே காட்டப் போகிறேன். நான் நடக்கலாம் என்று அவ சொன்னால் நீங்களே டொமினிக் அண்ணருக்கு எடுத்து உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை ரெலிபோன் திறக்காது.

நிறஞ்சலா


பேசாலை
28.07.2025

என் கோபக்காரிக்கு,

உன் கடிதத்தை வலை வாடியில் இருந்து வாசித்தேன். வாசித்து முடித்து எழும்பினேன், கண்ணுக்கு முன்னால் இருட்டிக்கொண்டு வந்தது. உன் ஏச்சின் சூடு அப்படி! கொஞ்ச நேரம் தூணைப் பிடித்துக் கொண்டு நின்றேன், பிறகு சரி. இந்தக் கச்சான் காற்றும் வெயிலும் மனிதரை வறுத்தெடுக்கிறது.

டொக்டரிடம் போவதாக எழுதியது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் சொல்லிவிடுகிறேன், அங்கே போய்ச் சிரித்துக் கதைத்து அவவை மயக்கி நடக்கலாம் என்று சொல்ல வைத்துவிடாதே. உனக்கு அந்தக் குணம் உண்டு. உள்ளதை உள்ளபடி சொல்.

என் பக்கத்தில் நல்ல செய்திதான். நேற்றுக் கிளினிக்கில் பார்த்தார்கள். நூற்றெட்டுக்கு அறுபத்தெட்டு! வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி அந்த நேர்ஸ், "ஐயா, இது இளந்தாரிப் பொடியன்மாருக்கு இருக்கிற பிறசர்" என்றா. வேறு ஏதும் கரைச்சல் இருக்கிறதா என்று கேட்டா. ஒன்றுமில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். அறுபதை நெருங்குகிறவனுக்கு இளந்தாரிப் பிறசர், யாருக்குக் கிடைக்கும்? நூற்றறுபதிலிருந்து இறக்கிக் காட்டிவிட்டேன் பார்த்தாயா? நான் ஒன்றை நினைத்தால் முடிப்பவன்.

பூசையில் மட்டும் முழங்காலில் இருந்து எழும்பும்போது முன் வாங்கைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வயதுக்கும் ஒரு பங்கு கொடுக்கத்தானே வேண்டும். சாப்பாடும் பெரிதாக இறங்குவதில்லை. நானே சமைத்து நானே சாப்பிடுகிறேன், ருசி பார்க்க வீட்டில் ஆளில்லை.

நேர்த்திக்கடனை நினைத்து மனதைப் போட்டு உடைக்காதே. உன் நேர்த்தி நிறைவேற ஒரு வழி பண்ணி வைத்திருக்கிறேன். என்ன வழி என்று கேளாதே, திருவிழா முடிந்து சொல்கிறேன்.

இத்துடன் ஒரு பை கல்லுப்பு அனுப்புகிறேன். கருவாடு பிடிக்காவிட்டால் கஞ்சியில் போட்டுக் குடி. பூனைக்குக் கொடுத்தால் எனக்குச் செய்தி வரும்.

அம்புறோஸ் அண்ணன்


அரிப்பு
03.08.2025

அண்ணனுக்கு,

போய் வந்தேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன், ஒரு தரமும் சிரிக்கவில்லை. மில்ரனைக் கேளுங்கள், பக்கத்தில்தான் நின்றான்.

டொக்டர் கிருஷிகா என்று ஒரு பிள்ளை. மில்ரனைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன் என்று முதலில் நினைத்தேன். அவ மிசினைத் தொட முன்னமே கேள்விதான் கேட்டா. தலை சுற்றுகிறதா, மயங்கி விழுந்தீர்களா, எழும்பும்போது கண் இருட்டுகிறதா, களைப்பு, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றோட்டம், காய்ச்சல், என்ன குளிசை போடுகிறீர்கள். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லி எனக்கே வாய் அலுத்துப் போனது. முன்பு யாராவது பார்த்ததுண்டா என்று கேட்டா. மில்ரன் வயிற்றில் இருந்தபோது மருத்துவிச்சி ஒவ்வொரு முறையும், "உமக்கு எப்பவும் தொண்ணூறுதான்" என்று சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பிறகு கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்தா. எழுப்பி நிற்க வைத்து உடனே பார்த்தா, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரமும் பார்த்தா. மூன்று முறையும் தொண்ணூறை ஒட்டித்தான். இரத்தமும் எடுத்துப் பார்த்தா. இரத்தம் குறைவில்லை, சீனி இல்லை.

"அப்ப எனக்கு என்ன வருத்தம் டொக்டர்?" என்றேன்.

"வருத்தம் ஒண்டும் இல்லை அம்மா. ஒவ்வொருத்தருக்கும் ஒரு அளவு இருக்கு, உங்கட அளவு இது. உதோட நல்லா வேலை செய்யிறீங்கள், நிக்கிறீங்கள், நடக்கிறீங்கள். தலைசுத்து, மயக்கம் எண்டு வந்தால்தான் நான் இந்த எண்ணை வேற மாதிரிப் பாப்பன்."

விடவில்லை நான். உங்களுக்காகத்தான் கேட்டேன். "என்ர அக்கா பிறசர் இறங்கித்தான் செத்தவ" என்றேன். அவ பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"அது டெங்கு அம்மா. நல்ல அளவில இருந்த ஆளுக்கு வருத்தம் வந்து ஒரேயடியா விழுந்தது. விழுகிறதுக்குத்தான் நாங்கள் பயப்பிடுறது. பள்ளக் காணியில வீடு கட்டி இருக்கிறவர் விழுந்த ஆள் இல்லைத்தானே?"

அண்ணா, அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கென்று தெரியவில்லை. அக்கா செத்து இத்தனை வருடத்தில் அவவுக்கு என்ன நடந்ததென்று ஒருவர் இருத்திச் சொன்னது இதுதான் முதல் தரம்.

வெயிலில் தண்ணீர் குடித்து நடக்கலாம், சாப்பாட்டில் உள்ள உப்புப் போதும், கருவாட்டை நிறுத்துங்கள் என்று சொன்னா. ஆக நான் வென்றுவிட்டேன். டொமினிக் அண்ணருக்கு நீங்கள் எடுக்க வேண்டும்.

ஆனால் வென்ற சந்தோசம் பஸ் நானாட்டான் வரும்வரைக்கும் நிற்கவில்லை. உங்கள் கடிதம் பைக்குள் இருந்தது, சும்மா எடுத்து வாசித்தேன். எழும்பும்போது கண் இருட்டியது, தூணைப் பிடித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். முழங்காலில் இருந்து எழும்பும்போது வாங்கைப் பிடித்தேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். டொக்டர் என்னிடம் கேட்டு நான் இல்லை இல்லை என்று சொன்னதற்கெல்லாம் நீங்கள் ஓம் ஓம் என்று பதில் எழுதி வைத்தது போல் இருக்கிறது. இது என்ன? எத்தனை தரம் வந்தது? கிளினிக்கில் ஏன் சொல்லவில்லை? பகிடி வேண்டாம், நேரே எழுதுங்கள்.

நிறஞ்சலா


பேசாலை
08.08.2025

தங்கச்சிக்கு,

டொமினிக்குக்கு எடுத்தேன். "என்ர பிழை, அவ நடக்கட்டும்" என்று என் வாயாலேயே சொன்னேன். அவர் ஒரு சிரிப்புச் சிரித்தார், அதையும் வாங்கிக் கொண்டேன். நீ நட. சந்தோசம்.

அக்காவைப் பற்றி அந்தப் பிள்ளை சொன்னதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வாசிக்க வாசிக்க நெஞ்சில் இருந்த ஒரு கல் அசைகிற மாதிரி இருக்கிறது. அவவுக்குக் கோடி புண்ணியம்.

நீ கேட்டதற்கு இனி நேரே எழுதுகிறேன், மறைத்து என்ன. முகாம் முடிந்த அன்று பின்னேரம் கோயிலில் தனியே இருந்து ஒரு நேர்த்தி வைத்தேன். "தாயே, எனக்குக் கூட இருக்கிறதை எடுத்து என்ர தங்கச்சிக்குக் குடு. திருவிழா முடியும் மட்டும் நான் உப்பை விடுறன். நான் விட்ட உப்பு அவளுக்குப் போய்ச் சேரட்டும்" என்று. அன்று தொடக்கம் என் சோற்றிலோ கறியிலோ உப்பு இல்லை. எங்கள் ஆட்கள் தவக்காலத்தில் மச்ச மாமிசத்தை விடுகிறார்கள், சிலர் வெற்றிலையை விடுகிறார்கள். நான் உப்பை விட்டேன். ருசி பார்க்க ஆளில்லை என்று எழுதியதும் அதுதான். அன்ரோனெற் இருந்தால் விட்டிருப்பாளா?

இன்னொன்று. உன்னை மறித்துவிட்டு உன் நேர்த்தியை நடு ரோட்டில் விட மனம் வரவில்லை. உனக்குப் பதிலாக நான் நடப்பதாகவும் மாதாவிடம் சொல்லிவிட்டேன். இப்போது நீயும் நடக்கிறாய். என்றாலும் சொன்னது சொன்னதுதான். பத்தாம் திகதி இரவுப் பூசை முடிந்து, பதினோராம் திகதி விடியப் பேசாலை ஆட்களோடு வெளிக்கிடுகிறேன். நடக்கும் நாட்களில் ரெலிபோன் தொடுவதில்லை என்று எங்கள் கூட்டத்தில் ஒரு ஒழுங்கு. இன்றைக்கே நிப்பாட்டி அலுமாரிக்குள் வைக்கிறேன்.

தலைசுத்தா? வருகிறதுதான். நேற்றுக் காலையில் பாயை விட்டு எழும்பிய வேகத்தில் கதவு நிலையில் நெற்றி இடித்தது, சின்ன வீக்கம். உப்பில்லாத வாய்க்குப் பசி இல்லை, பசி இல்லாவிட்டால் தலை சுற்றும்தானே. என் பிறசர் நூற்றெட்டு, இளந்தாரிப் பிறசர் என்பதை மறக்காதே. எண்பத்தெட்டோடு நீ நடக்கும்போது நூற்றெட்டோடு நான் நடக்கக் கூடாதா?

முருங்கனில் உங்கள் ரோட்டும் எங்கள் ரோட்டும் சேருகிற இடத்தில் சந்திப்போம். அங்கேயாவது என்னோடு கதைப்பாய் என்று நம்புகிறேன்.

அம்புறோஸ் அண்ணன்


அரிப்பு
10.08.2025

என் அண்ணா,

முனவ்வர் தம்பி வாகனத்தின் எஞ்சினை நிறுத்தாமல் வாசலில் நிற்கிறார். இன்றைக்குப் பேசாலைக்கு அவருக்கு வேலை இல்லை, நான் கெஞ்சியதற்காகப் போகிறார். உங்கள் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. உங்கள் நம்பரைத் திறந்து எடுத்து எடுத்துப் பார்த்தேன், நிப்பாட்டிக் கிடக்கிறது. கொழும்பில் மச்சாளுக்கு எடுத்தேன். "அவர் உப்பை விட்டவரோ?" என்று கேட்டு அவ பதறிப் போனா.

நடக்காதீர்கள். இந்தக் கடிதத்தில் வேறொன்றையும் வாசிக்காவிட்டாலும் இந்த ஒரு சொல்லை வாசியுங்கள்.

டொக்டர் கிருஷிகாவின் கிளினிக் நேர்ஸை ரெலிபோனில் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவ டொக்டரிடம் கேட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவரை நடக்க விடாதேங்கோ. இருக்கேக்க பாத்தது போதாது, எழும்பி நிக்கேக்க எவ்வளவு எண்டு பாக்க வேணும். குளிசை கூடியிருக்கு, உப்பு இல்லை, சாப்பாடு இல்லை, வெயில். குளிசையைத் தன்ர பாட்டில நிப்பாட்டவும் கூடாது, உடன ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்கோ."

அண்ணா, என் எண்ணைப் பார்த்து நீங்கள் எனக்காகப் பயந்தீர்கள். உங்கள் எண்ணைப் பார்த்து உங்களுக்காகச் சந்தோசப்பட்டீர்கள். இரண்டும் பிழை. என்னுடைய எண்பத்தெட்டு என்னோடு பிறந்தது. உங்கள் நூற்றெட்டு நூற்றறுபதிலிருந்து விழுந்தது. நான் பள்ளத்தில் குடியிருக்கிறவள். நீங்கள்தான் விழுந்துகொண்டிருக்கிறீர்கள். அக்காவைக் கொண்டுபோன "இறங்கிப் போச்சு" இப்போது என் வாசலில் இல்லை, உங்கள் வாசலில் நிற்கிறது.

நேர்த்தியைப் பற்றிப் பங்குத் தந்தையிடம் ஓடிப்போய்க் கேட்டேன். உயிருக்கு மோசமான நேர்த்தியை மாதா கேட்க மாட்டா, அதை ஒரு தருமமாக மாற்றலாம் என்று சொன்னார். உங்கள் உப்பு நேர்த்தியை நான் பார்த்துக் கொள்கிறேன். நீங்கள் இன்றைக்கே ஒரு பிடி சோற்றை உப்புப் போட்டுச் சாப்பிடுங்கள், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

என் சொல் கேளாமல் வெளிக்கிட்டால் முருங்கன் சந்தியில் நான் நிற்பேன். நீங்கள் வரும்வரை அந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன்.

உங்கள் நிறஞ்சலா


மன்னார் ஆஸ்பத்திரி
14.08.2025

தங்கச்சிக்கு,

மில்ரன் கொப்பித் தாள் வாங்கித் தந்தான். ஊசி குத்தாத கைதான், இருந்தாலும் படுத்தபடி எழுதுவதால் எழுத்து இப்படி. ஏசாமல் வாசி.

முதலில் ஒரு உண்மை. உன் கடிதத்தை முனவ்வர் பத்தாம் திகதி இரவே, நான் பூசைக்குப் போகும்போது, கையில் தந்துவிட்டார். "அண்ணே, உடனே வாசிக்கட்டாம், அக்கா அழுது கொண்டு நிண்டா" என்றும் சொன்னார். நான் வாசிக்கவில்லை. வாசித்தால் நீ மறிப்பாய், மறித்தால் நான் நிற்பேன் என்று தெரிந்து மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தேன். நெஞ்சுக்கு மேலே வைத்துக்கொண்டே நடந்தேன். இங்கே ஆஸ்பத்திரி வாட்டில்தான் பிரித்தேன், வேர்வையில் பாதி அழிந்துபோய்க் கிடந்தது. "நடக்காதீர்கள்" மட்டும் அழியவில்லை.

எனக்கு நினைவிருப்பதை எழுதுகிறேன், மிச்சத்தை நீ சொல். முருங்கனுக்குக் கிட்ட மர நிழலில் கூட்டத்தோடு இருந்து செபமாலை சொன்னோம். சந்தியில் நீ நிற்பது தூரத்தில் தெரிந்தது, நீலச் சேலை. இவ்வளவு நாளும் கதைக்காதவள் எனக்காக நிற்கிறாள் என்று சந்தோசத்தில் சட்டென்று எழும்பினேன். உலகம் ஒரு பக்கமாகச் சரிந்தது. உன் குரல் கேட்டது. "அண்ணா" என்று கத்தினாய். அதற்குப் பிறகு இந்தக் கட்டில்தான்.

இங்கே படுக்க வைத்துப் பார்த்தபோது நூற்றிரண்டாம். எழுப்பி இருத்தியவுடன் எழுபத்தெட்டாம். டொக்டர் குளிசையைக் குறைத்து எழுதியிருக்கிறா. "உப்பை ஏன் ஐயா விட்டனீங்கள்?" என்று கேட்டா. சொன்னேன். அவ சிரிக்கவில்லை. கட்டிலுக்கு மேலே தொங்கின போத்தலைக் காட்டினா. "இதுக்குள்ள என்ன இருக்கு தெரியுமோ? உப்புத் தண்ணிதான்." பார்த்தாயா தங்கச்சி, நான் மாதாவுக்கு விட்ட உப்பைச் சொட்டுச் சொட்டாக என் நரம்புக்குள்ளேயே திருப்பி ஏற்றுகிறார்கள்.

ஒன்று மட்டும் மனதைக் குடைகிறது. என் நேர்த்தி பாதியில் போனது. என்னாலே உன் நேர்த்தியும் பாதியில் போயிற்றா? மில்ரனிடம் கேட்டால், "அம்மா உங்களை அம்புலன்சில ஏத்தினவ, பிறகு என்னை ஏத்தினவ" என்கிறான். அதற்குப் பிறகு உன்னை அவன் காணவில்லையாம், உன் ரெலிபோனும் நிப்பாட்டிக் கிடக்கிறதாம். நீ எங்கே? முனவ்வர் மடுவுக்குத் தண்ணீர்ப் போத்தல் ஏற்றிப் போகிறார், அங்கே உன்னைத் தேடச் சொல்லி இதைக் கொடுக்கிறேன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அண்ணன்


மடு
15.08.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

பார்த்தீர்களா, இன்றைக்கு அந்தச் சொல் தானாக வந்துவிட்டது.

நீங்கள் கேட்ட மிச்சம் இதுதான். நீங்கள் சரிந்ததைக் கண்டு செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். தலையை மடியில் எடுத்துப் போட்டால் உடம்பு குளிர்ந்து கிடந்தது. முதலுதவிக் கூடாரத்துப் பொடியன் ஒருவன், "அன்ரி, தலையைப் பதிச்சு காலைத் தூக்குங்கோ" என்றான். உங்கள் காலை என் தோளில் வைத்துக்கொண்டு இருந்தேன். நீங்கள் முகாமில் விட்ட பகிடிதான் அப்போது எனக்குள் ஓடியது. ஒரு சட்டியில் ஊற்றிப் பகிரலாம் என்றால் என் எண்பத்தெட்டையும் முழுதாக உங்களுக்கே ஊற்றியிருப்பேன்.

பிறகு கண்ணைத் திறந்தீர்கள். உங்களுக்கு நினைவில்லை போலிருக்கிறது. நானும் அம்புலன்சில் ஏற வந்தேன். நீங்கள் என் கையைப் பிடித்துத் தள்ளினீர்கள். "நீ நட" என்றீர்கள். "நீ ஏறினா நான் இறங்கிடுவன்" என்றும் சொன்னீர்கள். அந்த நிலையிலும் அதிகாரம்! சண்டை பிடிக்க நேரமில்லாமல், என்னோடு நடந்து வந்த மில்ரனை ஏற்றிவிட்டேன். எந்தப் பிள்ளைக்காக நடக்கிறேனோ அந்தப் பிள்ளை உங்கள் பக்கத்தில் இருக்கிறான் என்ற தைரியத்தில் நடந்தேன். எறிந்த செருப்பைத் தேட நிற்கவில்லை, வெறுங்காலோடுதான் வந்தேன். வழி முழுக்க அழுதுகொண்டுதான் நடந்தேன், அது களைப்பினால் இல்லை. எனக்கு ஒரு தரமும் தலை சுற்றவில்லை. டொமினிக் அண்ணர்தான் இரண்டு இடத்தில் இருந்துவிட்டார்.

உங்கள் நேர்த்தியும் முடிந்தது. பூனைக்குக் கொடுக்காமல் வைத்திருந்த உங்கள் கல்லுப்பை என் தலைச்சுமையில்தான் கொண்டு வந்தேன். யாத்திரிகர்களுக்குச் சமைக்கிற இடத்தில் பெரிய கிடாரத்துக்குள் அதைக் கொட்டினேன். நீங்கள் விட்ட உப்பு எனக்கு மட்டும் இல்லை, இங்கே வந்த அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்தது. நானும் அந்தச் சோற்றில்தான் சாப்பிட்டேன். உப்பு அளவாகத்தான் இருந்தது.

மாதாவிடம் மில்ரனுக்காக நன்றி சொன்னேன். இனி யாரும் எனக்காக ஒன்றையும் விடக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டேன். குறிப்பாக நீங்கள். கோயில் மண் ஒரு பிடி எடுத்து வைத்திருக்கிறேன், வந்து தருகிறேன்.

பேசாலையில் உங்கள் அலுமாரியைத் திறந்து ரெலிபோனை எடுத்து வந்து தரும்படி மில்ரனுக்கு முனவ்வரிடம் சொல்லி அனுப்புகிறேன். திருநாள் பூசை முடிந்து பின்னேரம் எடுப்பேன். மணி கேட்டவுடன் பாய்ந்து எழும்பாதீர்கள். முதலில் கண்ணைத் திறவுங்கள். கையை ஊன்றி மெல்ல இருங்கள். காலைக் கீழே விட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள். பிறகு எடுங்கள்.

எவ்வளவு நேரம் அடித்தாலும் நான் வைக்க மாட்டேன்.

நிறஞ்சலா